நாற்பத்து நான்காவது கடிதம்

பெலிசியா எதையும் எழுதி வாங்கிக்கொள்வாள். போலீஸ் வேலைக்கு வந்த புதிதில் ஸ்டேஷனில் இருந்த பழைய ரைட்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி அது. கேஸ் போட்டால் இரண்டு தரப்பும் ஏழெட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடக்கும். அடித்து அனுப்பினால் அடுத்த வாரம் திரும்பி வரும். உட்கார வைத்து, 'இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதியை டீக்கடை பார்த்துக்கொள்ளும்.

பள்ளிக்கு ஒரு பெண் போலீஸ் என்ற ஏற்பாடு வந்தபோது ஏட்டு பெலிசியாவுக்கு வெள்ளாற்றங்கரையில் இருந்த மேல்நிலைப் பள்ளி ஒதுக்கப்பட்டது. செவ்வாயும் வியாழனும் கடலூரிலிருந்து ஏழேகால் மணி சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவாள். பி.முட்லூரில் இறங்கி, புவனகிரிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் மாறுவாள். வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், முன்பு உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக எப்போதும் லேசாக அமில வாடை வரும். கதவில் 'போலீஸ் அக்கா' என்று ஓவிய ஆசிரியர் எழுதி, பக்கத்தில் ஒரு புறாவையும் வரைந்திருந்தார். புறா காக்கையைப் போலத்தான் இருந்தது.

பஸ் நிற்காமல் போகிறது, போனில் போட்டோ எடுக்கிறான், அப்பா குடித்துவிட்டு வந்து புத்தகத்தைக் கிழித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவள் ஒரு கடிதம் எழுதி வாங்கினாள். அதில் ஒரு நுணுக்கம் வைத்திருந்தாள். கடிதத்தை ஒருநாளும் இன்ஸ்பெக்டர் பெயருக்கு எழுதச் சொல்ல மாட்டாள். இன்ஸ்பெக்டர் என்று எழுதினால் அது மனு. மனு என்றால் எண். எண் விழுந்தால் அந்தப் பிள்ளை பிற்காலத்தில் ஒரு வேலைக்குப் போகும்போது யாராவது அதைத் தோண்டுவார்கள். அதனால் 'பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள்' என்றுதான் தொடங்கும். கடிதங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பச்சை அட்டை ஃபைலில் கிடக்கும். பதினான்கு மாதத்தில் நாற்பத்து மூன்று கடிதங்கள். ஒரு வழக்குகூட இல்லை. மாவட்டக் கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவள் அரைக் கிலோ இறால் வாங்கினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வியாழக்கிழமை அது நடந்தது. மதியம் பெலிசியா டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் கை வைத்திருந்தாள். மாடிப்படிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து பல பெண்பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தால், படிக்கட்டின் அடியில் தில்லைநாயகி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. பின்மண்டையைத் தடவிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகத்தோடு இருந்தாள். ஆறு படி மேலே, அவள் வகுப்பிலேயே படிக்கும் அம்புஜவல்லி, ஒரு பட்டை இல்லாத புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அறுந்த பட்டை தில்லைநாயகியின் கையில் இருந்தது. பெலிசியாதான் அவள் விரல்களைப் பிரித்து அதை எடுத்தாள்.

"என்னாடி ஆச்சு?"

"என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டக் காப்பி பண்ணிட்டுத் தரேன்னா, குடுத்தேன்க்கா. மீன் கொழம்ப ஊத்திக் கொண்டாந்துருக்கா," என்றாள் தில்லைநாயகி. "பையில இருக்குதான்னு பாக்க இழுத்தேன். பட்டை புட்டுக்கிச்சு. சனியன், எங்க வாங்கின பையிடி இது?"

"ஒரு சொட்டுதான்டி பட்டுச்சு. மொதப் பக்கத்துல," என்றாள் அம்புஜவல்லி மேலிருந்து.

"ஒரு சொட்டா? சார் ரெக்கார்டத் தொறந்தா சோறு கேப்பாரு."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அம்புஜவல்லியும் சிரித்துவிட்டாள். தலையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். ரத்தம் இல்லை. ஐஸ் வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் யாரோ வீட்டுக்குப் போன் செய்துவிட்டார்கள். மூன்று மணிக்கு நான்கு பைக்குகளில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் தில்லைநாயகியின் அப்பா செம்பியன். அவர்கள் ஊர்த்தெரு. அம்புஜவல்லி அதே ஊரின் காலனி. இதைப் பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. தலைமை ஆசிரியர் சடையப்பன் பைக்குகளை எண்ணினார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், உங்க முறையிலயே முடிச்சிடுங்க," என்று பெலிசியாவின் காதருகே சொன்னார். "நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் வுடணும். ரெண்டு தெருப் புள்ளைங்களும் ஒரே பஸ்லதான் போவணும்."

அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த தில்லைநாயகி, அப்பாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். தரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

பெலிசியா வெள்ளைத்தாளை எடுத்தாள். அம்புஜவல்லியை எதிரில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். 'எனக்கும் தில்லைநாயகிக்கும் வாக்குவாதம் ஏற்பட்டு, அவள் தவறிக் கீழே விழுந்துவிட்டாள்.'

செம்பியன் தாளை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் போட்டார். "தவறி வுழுந்தாளா? எம்பொண்ணுக்கு என்னா கண்ணு தெரியாதா? தள்ளுனேன்னு எழுதச் சொல்லுங்க. எழுதிட்டா நாங்க போயிகிட்டே இருக்கறோம். எழுத முடியாதுன்னா அதையும் சொல்லுங்க. நாங்க வேற மாதிரி பாத்துக்கறோம்."

வெளியே பைக்குகளில் சாய்ந்து நின்றவர்களில் ஒருவன் பள்ளி கேட்டை வெறுமனே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பெலிசியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் ஒரு வார்த்தை. மறுபக்கம் நாலு மணி பஸ், இரண்டு தெரு, இருட்டுகிற நேரம். இதைவிடச் சுலபமான கணக்கை அவள் போட்டதே இல்லை.

புதுத்தாள் கொடுத்தாள். "எழுதும்மா. கோபத்தில் நான் தில்லைநாயகியைப் படியிலிருந்து தள்ளிவிட்டேன்."

அம்புஜவல்லி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "அக்கா, நான் தள்ளலையே."

"தெரியும்டா. எழுது. இது ஃபைல்லதான் கெடக்கும். ஒருத்தரும் பாக்கப் போறதில்ல."

"கோபத்தில்-னும் எழுதணுமாக்கா?"

"எழுது. அப்பத்தான் நம்புவாங்க."

அந்தப் பெண்ணுக்கு அழகான கையெழுத்து. 'இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்' என்று முடித்து, கீழே முழுப்பெயரும் போட்டாள். செம்பியன் இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார். பெலிசியா தடுக்கவில்லை. பைக்குகள் போயின. நாற்பத்து நான்காவது கடிதம் பச்சை ஃபைலுக்குள் போனது.

கடலூர் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சடையப்பன் கூப்பிட்டார். தில்லைநாயகி இரண்டு நாளாகத் தலைவலி என்று படுத்திருக்கிறாள். தைலம் தேய்த்திருக்கிறார்கள். விடிகாலையில் வாந்தி. சிதம்பரத்துக்குக் கார் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. இதையெல்லாம் அவர் வருகைப்பதிவேட்டைப் படிக்கிற குரலில் சொன்னார். பிறகு குரல் உடைந்தது. "மேடம், அந்த லெட்டர் எல்லா க்ரூப்லயும் வந்துகிட்டிருக்கு."

பெலிசியா போனைத் திறந்து பார்த்தாள். அவளுடைய கோயில் பங்குப் பெண்கள் குழுவுக்குக்கூட அது வந்துசேர்ந்திருந்தது. அழகான கையெழுத்து. யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள், 'தள்ளிவிட்டேன்' என்ற இடத்தில்.

அவள் புவனகிரிப் பக்கம் இருந்த தன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளாற்றுப் பாலத்தில் மறியல். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. இன்ஸ்பெக்டர் கதிரவன் கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அவருடைய உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பச்சை ஃபைல் அவர் மேசைமேல் இருந்தது.

"சார், அந்தப் பொண்ணு தள்ளல. தில்லைநாயகிதான் பைய இழுத்துச்சு. அதுவே என்கிட்ட சொல்லிச்சு. அறுந்த பட்டைய அது கையிலேர்ந்து நான்தான் எடுத்தேன்."

"அப்ப லெட்டர்?"

"நான் சொல்லித்தான் சார் எழுதுச்சு."

கதிரவன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "ஏட்டம்மா, உக்காருங்க. பாலத்துல முந்நூறு பேரு உக்காந்துருக்கான். எஃப்.ஐ.ஆர். காப்பி கையில வந்தாத்தான் எந்திரிப்பான். இல்லன்னா சாயந்தரம் காலனியில நாலு வீடு எரியும். அப்ப நீங்க யாருகிட்ட எழுதி வாங்குவீங்க?"

பெலிசியா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பொதுவா போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டதுக்குக் கோர்ட்ல மதிப்பே கெடையாது. கிழிச்சுப் போட்ருவான். இது அப்படி இல்ல. எச்.எம்.முக்கு எழுதினது. நல்லா நிக்கும்." பாராட்டுவதைப் போலத்தான் சொன்னார். "ஒரே ஒரு சிக்கல்தான், போலீஸு நீங்க அந்த ரூம்ல இருந்தது. அத எடுத்துடுவோம். வியாழக்கெழம உங்களுக்கு ஸ்டேஷன் டூட்டின்னு போட்டுக்கறேன். உங்களுக்கும் நல்லது. எச்.எம். ஒத்துக்கிட்டாரு."

"நான் அங்கதான சார் இருந்தேன்."

"தெரியும்மா," என்றார் கதிரவன். "அதான் சொல்றேன், நீங்க அங்க இல்ல."

இன்ஸ்பெக்டர் பெயருக்கு எழுதச் சொல்லியிருந்தால் அந்தத் தாள் ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அவள் வைத்த முகவரிதான் இப்போது கயிறாகிவிட்டது. பெலிசியா எழுந்து வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

அன்று மாலையே அம்புஜவல்லியை அழைத்துப்போனார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அந்த ஊரில் பிள்ளைக்கே ஆபத்து என்று ஜாமீன் தள்ளிப்போனது. வழக்கில் சிக்கிய பெண்பிள்ளைகளை வைக்கிற கூர்நோக்கு இல்லம் வேறு ஊரில் இருந்தது. வாய்தாவுக்கு மட்டும் கடலூருக்குக் கூட்டி வருவார்கள்.

அடுத்த செவ்வாய் பெலிசியா வழக்கம்போல் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நிறுத்தத்தில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். அரிசி ஆலை வேலைக்குப் போகிறவள் என்பது புருவத்தில் படிந்திருந்த தவிட்டில் தெரிந்தது. "நான் கொளஞ்சியம்மா. வல்லியோட அம்மா," என்றாள். பெலிசியா அடிக்குத் தயாராக நின்றாள். அடி வரவில்லை.

"நீங்கதான லெட்டர் வாங்கிப் பிரச்சனையத் தீத்து வெக்கறவங்க? புள்ள சொல்லும். அக்கா லெட்டர் வாங்கிட்டாங்கன்னா அத்தோட முடிஞ்சுதும்மான்னு." கொளஞ்சியம்மாள் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாளை எடுத்தாள். "நான் ஒண்ணு எழுதிக் குடுத்துடறேன். என்னா எழுதணும்னாலும் சொல்லுங்க. வூட்ட காலி பண்ணிட்டு காட்டுமன்னார்கோயில் எங்கண்ணன் வூட்டுக்குப் பூடறோம்னு வேணா எழுதட்டுமா? எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். எழுதத்தான் யாராச்சும் ஒத்தாச பண்ணணும்."

பெலிசியா அந்தத் தாளை வாங்கவில்லை. வாங்காமலும் இருக்க முடியவில்லை. அவள் கை பாதியில் நின்றது. பஸ் கிளப்பிய புழுதி இருவர் மேலும் படிந்தது.

"இப்ப லெட்டர் செல்லாதும்மா," என்றாள்.

"அன்னிக்கு மட்டும் செல்லிச்சே," என்றாள் கொளஞ்சியம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

பெலிசியா மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். அந்த மூன்று வாரத்துக்கு அவளிடம் எந்த நியாயமும் இல்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், பள்ளி அறையில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் யாரும் உள்ளே வரவில்லை. ஒருநாள் சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி கதவருகே வந்து நின்றாள். தோழி பின்னாலிருந்து, "ஏய், உள்ள போவாத, எழுதி வாங்கிடுவாங்க," என்றதும் ஓடிப்போனாள்.

வீட்டில் கணவன் ஆரோக்கிய ஜெகனிடம் சொன்னபோது அவன் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். "நீ அங்க இல்லன்னு அவுங்களே எழுதியாச்சு. இல்லாத எடத்துல போயி எதுக்கு நிக்கற?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சஸ்பெண்ட் பண்ணுவாங்களா, டிஸ்மிஸ்ஸா?" என்று கேட்டான்.

"தெரியல மச்சான்."

"செய்யறதுன்னா சீக்கிரம் செய்யி. ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கற," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

அவள் நாலு பக்கம் எழுதினாள். பதினான்கு மாதமாக அடுத்தவர்களை எழுத வைத்தவளுக்கு முதல் வரி வர ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. 'நான் அந்த அறையில் இருந்தேன்' என்று தொடங்கினாள். பையை இழுத்தது, பட்டை அறுந்தது, தில்லைநாயகி சொன்னது, தான் சொல்லிக்கொடுத்தது, பெண் மறுத்தது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் பட்டாலியன் காலத்துப் போலீஸ் நம்பரையும் சேர்த்து எழுதினாள்.

கடலூரில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் கூடும் நாளன்று சாதாரணச் சேலையில் போனாள். தாழ்வாரத்தில் பெஞ்சுகள். சட்ட உதவி வக்கீல் பிரிசில்லா நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். சின்ன வயசுக்காரி. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆவும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"போன வாய்தாவுக்கு முன்னாடி குடுத்திருந்தீங்கன்னா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "அன்னிக்கு அவளே வாயத் தொறந்து சொல்லிட்டா மேடம். தள்ளினேன்னு. நான் எவ்வளவோ தடுத்துப் பாத்தேன். நீங்க போயி ஒரு வார்த்தை பேசுங்க. அஞ்சு நிமிஷம்தான்."

அம்புஜவல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த பெண் காவலர் மஃப்டியில், கொஞ்சம் தள்ளி, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புஜவல்லி இளைத்திருக்கவில்லை. அதுதான் பெலிசியாவுக்குப் பயமாக இருந்தது. தலையை நன்றாகப் படிய வாரியிருந்தாள். முகத்தில் தெளிவுகூட இருந்தது, நீண்ட நாள் திணறிய கணக்குக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி.

"வல்லி, நான் எல்லாத்தையும் எழுதிக் கொண்டாந்துட்டேன்டா. நீ தள்ளலன்னு சொல்லப்போறேன்."

"தள்ளிட்டேன்க்கா," என்றாள் அம்புஜவல்லி.

"யாருடி சொன்னது அப்படி? பட்டை அவ கையில இருந்துச்சு. நான்தான எடுத்தேன்?"

"அதையும் யோசிச்சேன்க்கா. வுழறவங்க கையில கெடைச்சதப் புடிப்பாங்கல்ல? நான் தள்ளியிருக்கணும், அப்பத்தான் அவ பட்டையப் புடிச்சிருப்பா." பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு விளக்குவதைப் போலச் சொன்னாள். "அங்க இல்லத்துல ஒரு மேடம் தெனமும் கேப்பாங்க, கோவம் வந்துச்சா வந்துச்சான்னு. மொதல்ல இல்லன்னேன். அப்பறம் நெனச்சுப் பாத்தா வந்துச்சுக்கா. சோறு கேப்பாருன்னு அவ சொன்னாள்ல, அப்ப வந்துச்சு."

"அது வுழுந்ததுக்கு அப்பறம் சொன்னதுடா!"

அம்புஜவல்லி கொஞ்ச நேரம் யோசித்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது. "அப்படியா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. படி தெரியுது. என் கை தெரியுது. அது அவ நெஞ்சுல படுறது தெரியுது. கண்ண மூடுனா அதான்க்கா வருது."

"அது நான் சொல்லி எழுதுனதும்மா. நான்தான் சொன்னேன். பொய்யா சொன்னேன்."

"நீங்க எதுக்குக்கா பொய் சொல்லப் போறீங்க?" என்றாள் அம்புஜவல்லி. அவள் கண்களில் கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. "நீங்க போலீஸு. உங்களுக்குத் தெரியாமலா கோவத்துலன்னு சொல்லியிருப்பீங்க?"

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். பிரிசில்லா நாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு பெண்ணோடு உள்ளே போனாள். பெலிசியாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு முழுவதும் சாத்தவில்லை. ஒரு பெண்குரல் மெதுவாக, அன்பாக, ஏதோ கேட்டது. நல்ல மனுஷி என்பது குரலிலேயே தெரிந்தது. மறுபடியும் கேட்டது: இதை யாராவது சொல்லித்தான் எழுதினாயா, பயப்படாமல் சொல்லும்மா.

"இல்லீங்க மேடம்," என்று அம்புஜவல்லி சொல்வது தாழ்வாரம்வரை கேட்டது. "அக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க. நானாத்தான் எழுதுனேன்."

பெலிசியா கதவை விட்டு விலகிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். குழுமம் பெலிசியாவின் நாலு பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டது என்றும், சாட்சி வரிசையில் அவள் பெயர் இல்லாததால் அதை என்ன செய்வதென்று பிறகு பார்ப்பார்களாம் என்றும், வாய்தா அடுத்த மாதம் பதினெட்டு என்றும் பிரிசில்லா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்புஜவல்லியை வேனுக்கு அழைத்துப்போனார்கள். படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கெமிஸ்ட்ரி பிராக்டிக்கலுக்குத் தேதி போட்டுட்டாங்களா?"

பிராக்டிக்கல் போன வாரமே முடிந்துவிட்டது. ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, இரண்டு நாளும் அந்த அமில வாடையை பெலிசியா சுவாசித்திருந்தாள்.

"இன்னும் போடலடா," என்றாள்.